சுவாச வைரஸ் நோய்களின் கடுமையும் ஆக்ஸிகரண அழுத்தமும்

ஓர் ஊரில் இன்புளுயென்ஸா பரவும்போது, ஒரே வீட்டில் வாழும் பலரை ஒரே வைரஸ் பற்றுவதுண்டு. ஒருவருக்கு இரு நாள் ஜலதோஷத்துடன் நோய் நீங்கிவிடுகிறது; மற்றொருவருக்கோ நுரையீரல் அழற்சி கண்டு மூச்சுத் திணறல் ஏற்படுகிறது. வயது, உடலில் ஏற்கெனவே உள்ள பிற நோய்கள், முன்னரே பெற்ற எதிர்ப்புச் சக்தி ஆகியவை இவ்வேறுபாட்டிற்குப் பெரிதும் காரணமாகும். இவற்றோடு இணைந்து செயற்படும் இரசாயனக் காரணம் ஒன்றும் உண்டு. அதனை ஆக்ஸிகரண அழுத்தம் என்பர். இப்பெயரைச் சொல்லிப் பலவகை மாத்திரைகள் விற்கப்படுவதால், களப் பணியாளரும் ஆசிரியரும் இதன் உண்மையையும் எல்லையையும் அறிந்திருத்தல் அவசியம்.

பிராணவாயுவின் இரு தன்மைகள்

நாம் சுவாசிக்கும் பிராணவாயு, உயிரணுக்களில் உணவுப் பொருளை ஆக்ஸிகரணம் செய்து சக்தியை வெளிப்படுத்துகிறது. அவ்வாறு செய்கையில் அதன் ஒரு சிறு பகுதி சூப்பராக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு முதலிய வினைமிகுந்த பொருள்களாக மாறுகிறது. இரும்பு துருப்பிடிப்பதும், நாட்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை தோன்றுவதும் ஆக்ஸிகரணத்தின் விளைவுகளே. இத்தகைய மாறுதல் உயிரணுச் சவ்வின் கொழுப்பிலும் புரதங்களிலும் நிகழுமாயின் உயிரணு சிதைவுறும்.

இதனைத் தடுப்பதற்கு உடலிலேயே ஏற்பாடுகள் உள. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்கார்டு, பிரிடோவிச் ஆகிய இருவரும், மாட்டு இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஒரு புரதம் சூப்பராக்ஸைடை அகற்றும் என்ஸைமே என்று 1969-ல் நிறுவினர். செம்பும் துத்தநாகமும் அதில் அடங்கியுள்ளன. செலினியம் அடங்கிய வேறோர் என்ஸைமும், குளுட்டாதயோன் என்னும் பொருளும், வைட்டமின் சி, வைட்டமின் ஈ ஆகியவையும் இப்பணியில் துணைபுரிகின்றன. வினைமிகு பொருள்களின் உற்பத்தி இப்பாதுகாப்பை மிஞ்சிய நிலையே ஆக்ஸிகரண அழுத்தமாகும். 1985-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்முட் ஸீஸ் இக்கருத்தை வரையறுத்துக் கூறினார்.

நுரையீரலில் நிகழ்வது

வைரஸ் நுரையீரலை அடைந்ததும் இரத்தத்தின் வெள்ளணுக்கள் அங்குத் திரண்டு, சூப்பராக்ஸைடை ஓர் ஆயுதமாகவே வெளியிடுகின்றன. பாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றை அழிப்பதற்கு இவ்வாயுதம் இன்றியமையாதது. பிறவிக் குறையால் இதனை உண்டாக்க இயலாத குழந்தைகள் அடிக்கடி கடுந்தொற்றுகளுக்கு ஆளாகின்றனர். ஆனால் அளவு மீறும்போது அதே ஆயுதம் காற்று நுண்ணறைகளின் மெல்லிய சுவரைத் தாக்குகிறது. சுவர் பழுதுற்று நீர் கசியவே, இரத்தத்தில் பிராணவாயு கலப்பது தடைப்படுகிறது.

1989-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதனைச் சுண்டெலிகளில் சோதித்தனர். இன்புளுயென்ஸா கண்ட எலிகளின் நுரையீரலில், சூப்பராக்ஸைடை உண்டாக்கும் என்ஸைம் ஒன்று மிகுந்திருந்தது. மேற்கூறிய பாதுகாப்பு என்ஸைமை ஒரு பாலிமருடன் இணைத்து, தொற்று ஏற்பட்ட 5 முதல் 8 நாட்களுக்குள் செலுத்தியபோது, உயிரைப் போக்கக்கூடிய நோயிலிருந்து எலிகள் காக்கப்பட்டன. வைரஸின் பெருக்கம் மட்டுமன்றி, உடலின் மிகையான எதிர்வினையும் நோயின் கடுமைக்குக் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று.

1997-ல் வெளியான இத்தாலிய ஆய்வு, பெரும்பாலும் முதியோரான 262 பேரிடம் நடத்தப்பட்டது. குளுட்டாதயோன் உருவாக உதவும் அசிட்டைல் சிஸ்டீன் என்னும் மருந்து ஒரு பிரிவினருக்கு 6 மாதங்கள் அளிக்கப்பட்டது. வைரஸ் தொற்றியோரின் விகிதம் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆயினும் தொற்றியோருள் நோய்க்குறி கண்டவர்கள், மருந்து பெற்ற பிரிவில் 25 சதவீதம். பெறாத பிரிவில் 79 சதவீதம். அஃதாவது, மருந்து தொற்றைத் தடுக்கவில்லை, நோயை இலேசாக்கியது.

செலினியம் குறைந்த உணவுண்ட சுண்டெலிகளில் சாதாரண இன்புளுயென்ஸா வைரஸும் கடுமையான நுரையீரல் அழற்சியை விளைவித்ததை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் கண்டனர். அவ்வெலிகளில் பெருகிய வைரஸின் மரபுப் பொருளிலேயே மாறுதல்கள் தோன்றியிருந்தன.

மாத்திரைகளின் எல்லை

இவற்றைக் கொண்டு, நோய் முற்றிய பின் மாத்திரைகளை மிகுதியாக உண்டால் குணமாகும் என முடிவுகட்டுதல் தவறு. பிரேஸிலில் கடுமையான கோவிட் நோயாளிகள் 135 பேரிடம் அசிட்டைல் சிஸ்டீன் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. 2021-ல் வெளியான முடிவின்படி, செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டோரின் விகிதம் இதனால் குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை. மருத்துவமனைகளில் கோவிட் நோயாளிகளுக்கு வைட்டமின் சி-யை நரம்பு வழியே மிகுந்த அளவில் செலுத்திய பெருஞ்சோதனையும் பயன் தரவில்லை என 2023-ல் வெளியாயிற்று.

மற்றொரு தவறான எண்ணத்தையும் நீக்குதல் வேண்டும். வினைமிகு பொருள்கள் பிராணவாயுவிலிருந்து தோன்றுகின்றன என்பதற்காக, நோயாளிக்குப் பிராணவாயு அளிப்பதை அஞ்சலாகாது. இரத்தத்தில் பிராணவாயு குறைந்தவருக்கு அதுவே உயிர் காக்கும் மருந்து. மருத்துவர் குறிக்கும் அளவில் அதனை அளிக்கவேண்டும் என்பதே விதி.

செய்யத்தக்கவை

விறகு, வறட்டி ஆகியவற்றின் புகையும் புகையிலைப் புகையும் ஆக்ஸிகரணம் செய்யும் பொருள்களை நேரே நுரையீரலுக்குள் கொண்டு செல்கின்றன. வீட்டினுள் அடுப்புப் புகை சூழ வளரும் குழந்தைகளுக்கு நிமோனியா காணும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. புகையற்ற எரிபொருள், அடுக்களையில் காற்றோட்டம், கைக்குழந்தையை அடுப்பருகே வைத்திராமை ஆகியவற்றை வலியுறுத்துக. அன்றாட உணவில் பருப்பு, கீரை, நெல்லிக்காய், கொய்யா முதலியன இடம்பெறட்டும். உரிய தடுப்பூசிகளை உரிய காலத்தில் போடச் செய்க.

அபாயக் குறிகளையும் கற்பிக்க வேண்டும். இருமலுடன், 2 முதல் 11 மாதக் குழந்தை நிமிஷத்திற்கு 50 தடவைக்கும், 1 முதல் 5 வயதுக் குழந்தை 40 தடவைக்கும் குறையாது மூச்சுவிடுமாயின் அது நிமோனியாவாக இருக்கலாம். அன்றே சுகாதார நிலையத்தில் காட்டவேண்டும். மூச்சிழுக்கும்போது குழந்தையின் மார்பின் கீழ்ப்பகுதி உட்குழிந்தாலும், பெரியவர்களுக்கு மூச்சுத் திணறல் கண்டாலும், பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 94-க்குக் குறைவாகக் காட்டினாலும், தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அந்நிலையில் மாத்திரைகளை நம்பி வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நோயாளிக்கு ஆபத்தானதாகும்.