கொல்லிமலை குரங்குக்கு பிஸ்கட் நீட்டுறீங்களா? அதோட ரத்தத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க!

நாமக்கல் பக்கம் இருந்துட்டு கொல்லிமலைக்கு பைக்ல போகாதவங்க குறைவு. காரவள்ளி தாண்டினா 70 கொண்டை ஊசி வளைவு, தடுப்புச் சுவர் மேல குரங்குக் கூட்டம். வண்டியை நிறுத்தி பிஸ்கட் நீட்டி, ஒரு செல்ஃபியும் எடுத்திருப்பீங்க.

தலையில குல்லா வெச்ச மாதிரி முடி இருக்கிற இந்த நாட்டுக் குரங்கு, இந்தியாவின் தென்பகுதியைத் தவிர வேற எந்தக் காட்டுலயும் கிடையாது. ஐ.யூ.சி.என் சிவப்புப் பட்டியல்ல இதுவும் அழியும் அபாயமுள்ள இனம்தான். வால்பாறை பக்கம் இருக்கிற சிங்கவால் குரங்கு இன்னும் ஒரு படி மோசமான நிலையில இருக்கு.

குரங்குகளோட ரத்தத்துல வாழுற ஒரு பாக்டீரியா குடும்பம் இருக்கு. பேரு ஹீமோபிளாஸ்மா. உங்க வீட்டுப் பூனைக்கும் இதே குடும்பத்துல ஒண்ணு வரும். சிவப்பணு மேல ஒட்டிக்கிட்டு, அதையே உறிஞ்சி வாழும். அந்த அணுக்களை மண்ணீரல் பிடிச்சு அழிக்க, கிருமியும் கட்டுக்குள்ள இருக்கும். அதனால பல குரங்குகள் இதைச் சுமந்துக்கிட்டே வருஷக்கணக்கா நல்லாத்தான் தாவிக்கிட்டு இருக்கும். பார்த்தா நோய்னே தெரியாது. உடம்பு தளர்ந்து, எதிர்ப்பு சக்தி குறையுறப்போதான் கிருமி பெருகி ரத்தசோகையில தள்ளும்.

லேப்ல கண்டுபிடிக்கிறதும் லேசில்ல. இதைத் தட்டுல வளர்க்கவே முடியாது. கொரோனா நேரத்துல நமக்கெல்லாம் பழக்கமான பி.சி.ஆர் டெஸ்ட்தான் வழி. பென்சிலினும் வேலை செய்யாது. அது பாக்டீரியாவோட செல் சுவரை உடைக்கிற மருந்து, இதுக்கோ சுவரே கிடையாது! டாக்ஸிசைக்ளின் கேட்கும். ஆனா மரத்துல தாவுற குரங்குக்குத் தினமும் வேளா வேளைக்கு யாரு மாத்திரை கொடுக்கிறது?

(கர்நாடகாவுல 1957-ல கண்டுபிடிச்ச குரங்குக் காய்ச்சலோட இதைக் குழப்பிக்காதீங்க. அது உண்ணி மூலமா பரவுற வைரஸ்.)

சரி, பிஸ்கட்டுக்கு வருவோம். காட்டுல பழம், இலை, பூச்சின்னு தேடிப் பிரிஞ்சு மேயுற கூட்டம், ரோட்டோரத்துல ஒரே பாக்கெட்டுக்கு முண்டியடிக்குது. சண்டை, கடி, ரத்தக் காயம். ஹீமோபிளாஸ்மா பேனு, உண்ணி மாதிரி பூச்சிகள் மூலமாவும், கடிச்சுக்கிறதாலயும் பரவலாம்னு சந்தேகிக்கிறாங்க. நெருக்கடியும் மன அழுத்தமும் ஏற்கெனவே சுமக்கிற குரங்கையும் கவிழ்த்துடும். இதுல வண்டியில அடிபடுறது வேற.

அடுத்த முறை போறப்போ பாக்கெட்டைப் பைக்குள்ளேயே வைங்க. ரோட்டோரம் சோர்ந்து, அசையாம உட்கார்ந்திருக்கிற குரங்கைப் பார்த்தா தொடாதீங்க, தண்ணியும் ஊத்த வேண்டாம். எந்த வளைவுன்னு அங்க இருக்கிற நம்பர் போர்டைப் பார்த்து, வனத்துறைக்கு ஒரு போன் போடுங்க.