சோல்ற்றெயர்: ஆலையோடு எழுந்த ஊர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே, இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் பகுதியிலுள்ள பிராட்போர்ட் நகரம் கம்பளி நெசவினாற் பெருஞ்செல்வம் ஈட்டியது. ஆயினும், அச்செல்வத்தை உண்டாக்கிய தொழிலாளரோ நிலவறைகளிலும் காற்றோட்டமற்ற சிறு வீடுகளிலும் நெருங்கி வாழ்ந்தனர். ஆலைப் புகை வானத்தை மூடியது. கழிவுநீர் ஆற்றிலே கலந்தது. 1849இல் வாந்திபேதி நோய் அந்நகரிற் பலரின் உயிரைக் கவர்ந்தது.

அக்காலத்தில் நகர பிதாவாக இருந்தவர் தைற்றஸ் சோல்ற் என்னும் ஆலையதிபர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அல்பாக்கா உரோமத்தைப் பிறர் விலக்கிய வேளையில், அதனை நூலாக நூற்று மென்மையான துணி நெய்து பொருள் குவித்தவர் அவர். ஆலைப் புகையைக் குறைக்க அவர் செய்த முயற்சிக்கு ஏனைய முதலாளிகள் இணங்கவில்லை. எனவே, நகரின் பல இடங்களிற் சிதறிக் கிடந்த தம் ஆலைகளை ஒன்றாக்கி, நகருக்கு வெளியே கொண்டுசெல்லத் துணிந்தார்.

எயர் ஆறும், கால்வாயும், புகையிரதப் பாதையும் அருகருகே செல்லும் ஓரிடத்தை அவர் தெரிந்தெடுத்தார். 1853 செப்டெம்பர் 20ஆந் திகதி, தமது ஐம்பதாவது பிறந்த தினத்தன்று, புதிய ஆலையைத் திறந்து வைத்தார். இரைச்சலைக் குறைக்கும் பொருட்டு, இயந்திரங்களைச் சுழற்றும் தண்டுகள் நிலத்தின் கீழே அமைக்கப்பட்டன. அதனையடுத்து ஊரும் எழுந்தது. அவருடைய பெயரும் ஆற்றின் பெயரும் இணைந்து அதற்குச் சோல்ற்றெயர் என்ற பெயரைத் தந்தன.

எண்ணூறுக்கு மேற்பட்ட கல் வீடுகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டன. குழாய் நீர், வாயு விளக்கு, பின்முற்றம், தனி மலசலகூடம் ஆகியவை அவ்வீடுகளில் இருந்தன. பாடசாலை, தேவாலயம், ஆஸ்பத்திரி, குளிப்பிடம், நூல்நிலையம், பூங்கா, முதியோருக்கென 45 இல்லங்கள் என ஒவ்வொன்றாகத் தோன்றின. வீதிகள் பலவற்றுக்கு அவருடைய பிள்ளைகளின் பெயர்களே சூட்டப்பட்டன. தவறணைக்கு மாத்திரம் அவ்வூரில் அன்று இடமிருக்கவில்லை.

இத்தனையும் நற்கொடையே எனினும், இதில் ஒரு சிக்கலும் உண்டு. வேலை தருபவரும் வீடு தருபவரும் ஒருவரேயாயினர். கூலியைப் பற்றி முதலாளியோடு முரண்பட எண்ணும் தொழிலாளி, தன் தலைக்கு மேலுள்ள கூரையையும் எண்ணிப் பார்க்க வேண்டியவனானான். நல்ல வீடு அவனது உரிமையாக அன்றி, ஒருவருடைய கருணையாகவே அமைந்தது.

இச்சிக்கலுக்குப் பின்வந்தோர் ஒரு வழி கண்டனர். சொக்கலேற் உற்பத்தியாளரான ஜோர்ஜ் கட்பரி, தாம் அமைத்த போர்ன்வில் குடியிருப்பை 1900ஆம் ஆண்டில் ஒரு தருமநிதியத்திடம் ஒப்படைத்தார். அவ்வீடுகள் அவரது தொழிற்சாலையில் வேலை செய்வோருக்கு மாத்திரம் உரியனவாக இருக்கவில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் இருந்த கட்டு அங்கே தளர்ந்தது.

சோல்ற் 1876இல் மறைந்தார். ஊரின் வீடுகள் 1933இல் ஆலையின் உடைமையிலிருந்து பிரிந்தன. ஆலையும் 1986இல் மூடப்பட்டது. ஜொனதன் சில்வர் என்பவர் அடுத்த ஆண்டில் அதனை வாங்கி, ஓவியக் கூடமும் கடைகளும் கொண்ட இடமாக மாற்றினார். 2001இல் யுனெஸ்கோ நிறுவனம் ஊர் முழுவதையும் உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது.

தறிகளின் ஓசை அடங்கிவிட்டது. ஆனால், தொழிலாளருக்கென்று கட்டிய அந்தக் கல் வீடுகளில் மக்கள் இன்றும் வாழ்கின்றனர். உழைப்பவனுக்கும் ஒளியும் நீரும் காற்றும் வேண்டும் என்பதை அவை உணர்த்தி நிற்கின்றன. அவ்வசதிகளோடு அச்சமின்றிக் குடியிருக்கும் உரிமையும் வேண்டும் என்பது, அவ்வூரின் வரலாறு தரும் மற்றொரு பாடமாகும்.