அக்கி வந்தால் 72 மணி நேரம் முக்கியம்

அம்மைக்கு வேப்பிலை, அக்கிக்குக் காவி என்பது நம்மவர்களின் பழைய கணக்கு. குயவர் கையால் காவி குழைத்து அக்கியின்மேல் எழுதும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. மலாய்க்காரர்கள் இதைக் 'காயாப்' என்பார்கள். சீனர்களோ 'பாம்பு' என்பார்கள். இடுப்பைச் சுற்றித் தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சுவார்கள்.

அது சேர்வது மிக மிக அபூர்வம். சிறு வயதில் சின்னம்மை தந்த அதே கிருமி, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு வேர்களில் பல்லாண்டுகள் உறங்குகிறது. முதுமையிலோ, உடலின் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ விழித்து, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் எரிச்சலும் கொப்புளமும் உடலின் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுகின்றன.

காவி எழுதியவர்களுக்கும் புண் ஆறத்தானே செய்கிறது என்று கேட்கலாம். ஆறும். எதுவும் செய்யாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஆறிவிடும்! கவலை புண்ணைப் பற்றியதல்ல, நரம்பைப் பற்றியது. தோல் ஆறிய பிறகும் சட்டை உரசினாலே துடிக்க வைக்கும் வலி சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கிறது. வயது கூடக்கூட இந்த வாய்ப்பும் கூடுகிறது.

இங்குதான் அசைக்ளோவிர் மருந்து வருகிறது. 1970களில் அமெரிக்காவில் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் கெர்ட்ரூட் எலியன் அம்மையாரின் குழு உருவாக்கியது இது. முனைவர் பட்டப் படிப்பை முடிக்காத அவருக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து வேலை செய்யும் விதம் சுவையானது. கிருமி பெருக வேண்டுமானால் தன் மரபணுச் சரத்தைப் பூச்சரம் போலத் தொடுத்துக்கொண்டே போக வேண்டும். அசைக்ளோவிர் அந்தப் பூக்களில் ஒன்றைப் போலவே இருக்கும். ஆனால் அடுத்த பூவைக் கட்ட அதில் காம்பு இல்லை. சரம் அங்கேயே நின்றுவிடும். இந்தப் போலிப் பூவுக்கு முதலில் உயிரூட்டுவது கிருமியின் சொந்த நொதியே. அதனால் கிருமி இல்லாத உயிரணுக்களில் மருந்து பெரும்பாலும் சும்மா கிடக்கிறது.

ஆக, கிருமி பெருகும் நேரத்தில்தான் மருந்துக்கு வேலை. உறங்கும் கிருமியை அது தொடாது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் தொடங்குங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். கொப்புளம் விரைவில் காய்கிறது, கடும் வலியின் நாட்கள் குறைகின்றன. பிந்தைய நரம்பு வலியை இது அறவே தடுக்கும் என்று சொல்வதற்கில்லை. புதுக் கொப்புளங்கள் வந்துகொண்டே இருந்தால், மூன்று நாள் கடந்தும் மருந்து தருவதுண்டு.

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாட்கள். வாலாசைக்ளோவிர் என்றால் 1,000 மில்லிகிராம், மூன்று வேளை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்கள் பலர் இருக்கும் நம் குடும்பங்களில், இதை மருத்துவரிடம் நாமே முந்திக்கொண்டு சொல்வது நல்லது. உதட்டுக் கொப்புளத்திற்கு வாங்கிய களிம்பு இதற்கு ஈடாகாது.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் 72 மணிக் கணக்கெல்லாம் வேண்டாம்; பார்வைக்கே ஆபத்து வரலாம். அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். காவி பூசாமல் செல்லுங்கள், கொப்புளம் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.