அல்கம்பிரா கட்டிடக்கலையில் நீர்

அல்கம்பிரா என்பது எசுப்பானியாவின் கிரனாடா நகரில், சபீக்கா குன்றின் மீது அமைந்துள்ள கோட்டை அரண்மனைத் தொகுதி ஆகும். இதன் பெரும்பகுதியை 13, 14ஆம் நூற்றாண்டுகளில் நசிரிது மரபு அரசர்கள் கட்டினர். கல், மரம், சுண்ணச்சாந்து ஆகியவற்றைப் போலவே நீரும் இங்கு வடிவமைப்பின் ஓர் உறுப்பாகப் பயன்பட்டுள்ளது.

நீர் வழங்கல்

குன்றில் போதிய நீர் இல்லை. எனவே 13ஆம் நூற்றாண்டில், முதலாம் முகம்மதுவின் காலத்தில், தாரோ ஆற்றின் மேற்பகுதியில் தடுப்பணை கட்டப்பட்டது. அங்கிருந்து சுமார் 6 கி.மீ. நீளமுள்ள 'அரச வாய்க்கால்' வழியாக நீர் கொண்டுவரப்பட்டது. நீர் எடுக்கப்பட்ட இடம் அரண்மனையைவிட உயரமானது. அதனால் நீர் சரிவில் தானாகவே ஓடிவந்தது. குடிநீர், குளியல் கூடங்கள், தோட்டங்கள், நீரூற்றுகள் ஆகிய அனைத்தும் இதையே நம்பியிருந்தன.

அசையாத நீர்

மிர்ட்டில் முற்றத்தின் நடுவே சுமார் 34 மீட்டர் நீளமுள்ள குளம் உள்ளது. கொமாரெசு கோபுரம் இதில் தலைகீழாகத் தெரிவதால் முற்றம் பெரிதாகத் தோன்றுகிறது. நீர் அலைந்தால் பிம்பம் கலைந்துவிடும். எனவே இரு முனைகளிலும் உள்ள தாழ்வான ஊற்றுகளின் நீர், சிறு கால்வாயில் வேகம் தணிந்த பின்னரே குளத்தில் சேர்கிறது.

ஓடும் நீர்

சிங்க முற்றத்தின் நடுவே 12 பளிங்குச் சிங்கங்கள் தாங்கும் நீர்த்தொட்டி உள்ளது. அதை நோக்கி நான்கு வாய்க்கால்கள் வருகின்றன. அவற்றில் இரண்டு, அறைகளுக்குள் தரையில் அமைந்த ஊற்றுகளிலிருந்து தொடங்குவதால், வீட்டின் உள்ளும் புறமும் நீரால் இணைகின்றன. அருகிலுள்ள செனரலீபே தோட்டத்தில், படிக்கட்டின் இருபுறக் கைப்பிடிச் சுவர்களின் மேலும் நீர் ஓடுகிறது. இறங்குபவர் அதைத் தொட்டபடியே, அதன் ஒலியைக் கேட்டபடியே நடக்கலாம்.

குளிர்ச்சி

நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கிரனாடாவின் கோடை வறண்டது என்பதால் இம்முறை அங்கு நன்கு பயன்படுகிறது. சுவர்கள் சூழ்ந்த நிழலான முற்றங்கள் குளிர்ந்த காற்றைத் தேக்கி வைக்கின்றன. காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடலோர நகரங்களில் நீர் மெதுவாகவே ஆவியாகும்; அங்கு இதே நீரூற்று கண்ணுக்கு அழகு தரும், ஆனால் அதிகம் குளிர்விக்காது.

பாதுகாப்பு

நீர் கட்டிடத்தைத் தேய்க்கவும் செய்கிறது. நீரிலுள்ள சுண்ணாம்பு, சிங்கச் சிலைகளின் மீது நெடுங்காலமாகப் படிந்து பளிங்கைப் பாதித்தது. படிவுகள் அகற்றப்பட்டு, குழாய் அமைப்பும் புதுப்பிக்கப்பட்ட பின், 2012இல் நீரூற்று மீண்டும் இயங்கத் தொடங்கியது. நீரைக் கொண்டு வடிவமைக்கும் எந்தக் கட்டிடத்திலும், நீர் எங்கிருந்து வரும், அதை யார் பராமரிப்பார் என்பனவும் வடிவமைப்பின் பகுதிகளே ஆகும்.