பிளாக்டவுன்: எண்ணப்படும் வீதிகளும் எண்ணப்படாத தெருக்களும்

சிட்னியின் மேற்கே அமைந்துள்ள பிளாக்டவுன் மாநகரசபைப் பகுதியில், 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வசிக்கின்றனர். தமிழ்க் குடும்பங்களும் இவர்களுள் அடக்கம். இங்கு வாகனங்கள் பெருகிவிட்டன என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எந்த வகை வீதியில் பெருகின என்பதே சிக்கலான கேள்வி.

வீதிகளில் மூன்று தரங்கள் உண்டு: சந்திகளற்ற விரைவு நெடுஞ்சாலை, சமிக்ஞை விளக்குகள் கொண்ட பிரதான வீதி, வீட்டு வாசலைத் தொடும் தெரு. நீளத்தில் முதல்வகை மிகக் குறைவு. ஆனால் வாகனங்கள் ஓடும் மொத்தத் தூரத்தில் அதன் பங்கு பெரியது. கட்டணம் வசூலிக்கும் கருவியே அங்கு ஒவ்வொரு வாகனத்தையும் எண்ணிவிடும். தெருக்களிலோ, குறுக்கே ரப்பர் குழாய் இட்டுச் சில நாட்கள் எண்ணுவதோடு சரி. ஆகவே அறிக்கைகளில் காணும் 'வளர்ச்சி' பெரும்பாலும் எண்ணப்படும் வீதிகளின் வளர்ச்சியே. விரிவாக்கப் பணமும் அந்த எண்களையே பின்தொடர்கிறது.

2005 டிசம்பரில் 40 கிலோமீட்டர் நீளமான எம்7 நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. வோல்குரோவ் வீதி, கம்பர்லாந்து நெடுஞ்சாலை ஆகியவற்றின் சுமையைக் குறைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 2023இல் அதே எம்7இன் 26 கிலோமீட்டர் பகுதியை அகலப்படுத்தும் பணி தொடங்கியது. இதில் வியப்பில்லை. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் டுராண்டன், டர்னர் இருவரும், நெடுஞ்சாலையின் நீளம் கூடும் அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடுகிறது என்று 2011இல் எழுதினர். இடம் கிடைத்தால் புதிய பயணங்கள் பிறக்கின்றன.

கட்டணம் இந்தக் கணக்கை மேலும் மாற்றுகிறது. எம்4 நெடுஞ்சாலையில் 2010இல் நீக்கப்பட்ட கட்டணம், 2017 ஓகஸ்டில் பரமட்டாவுக்குக் கிழக்கே, அகலப்படுத்தப்பட்ட பகுதியில் மீண்டும் விதிக்கப்பட்டது. உடனே வாகனங்களில் ஒரு பகுதி பரமட்டா வீதிக்கு மாறியது. நெடுஞ்சாலையின் எண் குறைந்ததைப் போக்குவரத்துக் குறைந்ததாக வாசித்தால் தவறாகிவிடும். அது அடுத்த வீதிக்குச் சென்றுவிட்டது, அவ்வளவே.

எம்7இல் லொறிக்கு, காருக்குரிய கட்டணத்தின் மும்மடங்கு. வாரத்துக்கு 60 டொலருக்கு மேற்பட்ட கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டத்தை மாநில அரசு 2024 ஜனவரியில் தொடங்கியபோது, அது தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கே உரியதாக இருந்தது. இலாபம் மெலிந்த லொறி உரிமையாளர் கட்டணமற்ற வீதியைத் தேடுவதைக் குறைகூற இயலாது. ஆனால் அவ்வீதியில் பாடசாலையும் கடைத்தெருவும் பாதசாரிக் கடவையும் உள்ளன. அங்கே ஒரு லொறி கூடுவதும் நெடுஞ்சாலையில் ஒரு லொறி கூடுவதும் புள்ளிவிவரத்தில் ஒரே எண்தான்.