ஆட்டத்தில் நான் யார்?

காணொளி விளையாட்டுகளில் இருவகைப் பாத்திரங்கள் உண்டு. நம் விரலசைவுக்கு இணங்கி ஓடுவது, தாவுவது, போரிடுவது ஒரு வகை. வழியில் நிற்கும் கடைக்காரர், துரத்தும் பகைவர், காப்பாற்றப்பட வேண்டியவர் ஆகியோர் மற்றொரு வகை. முதல் வகையை ‘இயக்கும் பாத்திரம்’ என்று இப்பாடத்தில் அழைப்போம். விளையாடுபவர் தம்மை ‘நான்’ என்று எண்ணுவது அப்பாத்திரத்தின் வழியாகத்தான். “நான் விழுந்துவிட்டேன்”, “நான் தப்பித்துவிட்டேன்” என்று நீங்களே கூவியிருப்பீர்கள்.

அந்த ‘நான்’ பல ஆண்டுகள் பெரும்பாலும் ஆணாகவே இருந்தது. 1981-இல் ஜப்பானில் வெளிவந்த ‘டாங்கி காங்’ விளையாட்டில் ஆண் ஏணியேறுவான். குரங்கிடம் சிக்கிய பெண் மேலே காத்திருப்பாள். இந்த அமைப்பே பின்னர் வந்த பல விளையாட்டுகளிலும் தொடர்ந்தது.

1986-இல் அதே நிறுவனமான நின்டெண்டோ ‘மெட்ராய்டு’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் நாயகர் சாமஸ் ஆரன், உடல் முழுவதும் கவசம் அணிந்து வேற்றுக்கோளில் போரிடுபவர். ஆட்டத்தை விரைவாக முடித்தவர்களுக்கு மட்டும் இறுதியில் தலைக்கவசம் நீங்கிய உருவம் தோன்றும். அது ஒரு பெண்! இந்த வியப்பைக் காப்பதற்காக ஆங்கிலக் கையேடு சாமஸை ஆண்பாற் சொல்லாலேயே குறித்தது. ஜப்பானிய மொழியிலோ எழுவாயை விட்டுவிட்டே பேசலாம். வினைச்சொல்லும் பாலைக் காட்டாது. ஆகவே அங்கே மறைப்பது எளிது.

தமிழில் அக்கையேட்டை எழுதியிருந்தால் என்ன செய்திருப்போம்? ‘வந்தான்’, ‘வந்தாள்’ என நம் வினைமுற்று பாலை உடனே காட்டிவிடும். ஆனால் ‘வந்தார்’ என்னும் மரியாதை வடிவம் பாலைக் காட்டாது. உங்கள் பள்ளியில் நீங்கள் பேசும் இந்தியில் மரியாதையாகச் சொன்னாலும் வினை பாலைக் காட்டிவிடும். எனவே சாமஸின் மறைபொருளைப் பொய் சொல்லாமல் காக்கும் வசதி தமிழுக்கு உண்டு; ‘ஆர்’ விகுதி ஒன்றே போதும்.

இருப்பினும், நாயகி பெண் என்பதே பரிசுபோல ஒளித்து வைக்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள். 1996-இல் இங்கிலாந்தின் டெர்பி நகரில் உருவான ‘டூம் ரைடர்’ விளையாட்டின் லாரா கிராஃப்ட்டுக்கு அந்த ஒளிவுமறைவு தேவைப்படவில்லை. தொடக்கம் முதலே அவர் பெண்ணாகவே தோன்றினார்; உலகெங்கும் புகழும் பெற்றார்.

கைப்பேசி வந்தபின் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. முடிவின்றி ஓடும் விளையாட்டுகளை நீங்கள் அறிவீர்கள். 2011-இல் வந்த ‘டெம்பிள் ரன்’ அவற்றுள் ஒன்று. அப்போது அதைத் திறந்தவுடன் ஓடத் தயாராக நின்றவன் ஓர் ஆண். பெண்ணாக ஓட வேண்டுமாயின் 10,000 நாணயங்கள் சேர்க்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி இதைக் கண்டு வெறுமனே வருந்திக்கொண்டிருக்கவில்லை. எண்ணத் தொடங்கினாள். இத்தகைய ஓட்ட விளையாட்டுகளில் புகழ்பெற்ற 50 செயலிகளைப் பதிவிறக்கி ஒவ்வொன்றையும் ஆராய்ந்தாள். சிலவற்றில் ஓடுவது உருளைக்கிழங்கு, பூனை, குரங்கு. அவற்றின் பால் தெரியவில்லை. அவற்றைத் தனியே ஒதுக்கினாள். எஞ்சியவற்றுள் 98 விழுக்காட்டில் ஆண் பாத்திரம் இருந்தது. பெண் பாத்திரம் இருந்ததோ 46 விழுக்காட்டில்தான். இலவசமாகக் கிடைக்கும் பாத்திரங்களைக் கணக்கிட்டபோது வேறுபாடு இன்னும் பெரிதாயிற்று: ஆணுக்கு 90 விழுக்காடு, பெண்ணுக்கு 15 விழுக்காடு. பெண் பாத்திரத்தை விலைக்கு வாங்குவதற்குச் சராசரியாக 7.53 டாலர் ஆனது. அன்றைய மதிப்பில் அது 450 ரூபாய்க்கும் மேல்.

2015 மார்ச்சில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் அவள் கட்டுரையை வெளியிட்டது. ‘டெம்பிள் ரன்’ விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவர்களுள் மனைவியான நத்தாலியா லுக்கியானோவா, கட்டணமில்லாப் பெண் பாத்திரம் ஒன்றைச் சேர்ப்பதாகப் பதிலளித்தார். ஒரு பெண்ணும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டிலேயே முதலில் ஓடியவன் ஆண் என்பதுதான் எனக்கு வியப்பூட்டுகிறது. பழக்கம் அவ்வளவு வலியது போலும்!

பெரிய நிறுவனங்கள் வேறு காரணம் கூறின. 2014-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் தன் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ விளையாட்டில் பெண் பாத்திரத்தை இயக்க வழி செய்யாததற்கு, அசைவுகளையும் உடைகளையும் புதிதாக உருவாக்க நேர்ந்து வேலை இரட்டிப்பாகும் என்றது. அதே தொடரில் முன்பு பணியாற்றிய அசைவூட்டக் கலைஞர் ஒருவர், அது ஓரிரு நாள் வேலைதான் என்று மறுத்தார். 2018-இல் அத்தொடரின் ‘ஒடிசி’ வெளிவந்தபோது, அலெக்சியோஸ், கசாண்ட்ரா என்னும் உடன்பிறப்புகளுள் எவரையும் தேர்ந்து முழுக்கதையையும் விளையாட முடிந்தது. வேண்டும் என்று எண்ணினால் நேரம் கிடைத்துவிடுகிறது. கால்பந்து விளையாட்டான ‘ஃபிஃபா 16’-உம் 2015-இல்தான் முதன்முதலாக 12 நாடுகளின் பெண்கள் அணிகளைச் சேர்த்தது.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புணே நகரில் உருவாகி 2020-இல் வெளிவந்த ‘ராஜி’ என்னும் விளையாட்டின் நாயகி, வித்தை காட்டிப் பிழைக்கும் சிறுமி. அசுரர் கவர்ந்து சென்ற தம்பியை மீட்கத் திரிசூலம் ஏந்திப் புறப்படுகிறாள். துர்க்கையும் திருமாலும் கதை சொல்கிறார்கள். கதையின் சில பகுதிகள் நம் தோற்பாவைக் கூத்தை நினைவூட்டும் நிழலுருவங்களாக வருகின்றன. இங்கே காத்திருப்பவன் தம்பி, ஏணியேறுபவள் அக்கா.

அச்சிறுமி செய்ததைப் போலவே நீங்களும் வீட்டிலுள்ள கைப்பேசியின் விளையாட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஏட்டில் மூன்று கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள்: திறந்தவுடன் கிடைக்கும் பாத்திரம் எது, பெண் பாத்திரம் உண்டா, உண்டெனில் அதன் விலை என்ன. உருளைக்கிழங்கு ஓடினால் அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.