பரவூர் யூத ஆலயம்: தருமபுரி நடுகல்லுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்த்திருப்பீங்க. அவற்றில் பழையவற்றில் இருப்பது வட்டெழுத்து. கேரள யூதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்த செப்பேடும் அதே வட்டெழுத்துதான்.

சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யூத வணிகர் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு சுமார் கி.பி. 1000ல் கொடுத்தது அது. வரிவிலக்கு, பல்லக்கு, குடை, பகல் விளக்கு என மொத்தம் 72 உரிமைகள்!

சேரர்னா தகடூர் ஞாபகம் வரணும். தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையும் சேரர்தான். அவர்களுடைய துறைமுகம் முசிறி. அந்தப் பெயரில் கேரள அரசு நடத்தும் முசிறி பாரம்பரியத் திட்டத்தில்தான் பரவூர், சேந்தமங்கலம் யூத ஆலயங்கள் அருங்காட்சியகமாக மாறின. (இது நாமக்கல் சேந்தமங்கலம் இல்லைங்க, எர்ணாகுளம் மாவட்டம்.)

உள்ளே என்ன இருக்கு?

பரவூர் ஆலயத்தை 1616ல் கட்டியவர் டேவிட் யாக்கோப் காஸ்டியல். யூதத் தலைவர்களுக்கு கொச்சி மன்னர் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? முதலியார்!

வெளியே இருந்து பார்த்தால் ஓடு வேய்ந்த கேரள வீடு மாதிரிதான் தெரியும். வாசல் கட்டடம் தாண்டி, தூண்கள் நிற்கும் நீண்ட நடை. அதன் பிறகே தொழுகைக் கூடம். தோரா வாசிக்கும் மேடை கூடத்தின் நடுவில் மட்டுமல்ல, மாடியிலும் ஒன்று உண்டு. இது கேரள யூத ஆலயங்களுக்கே உரிய அமைப்பு.

ஏன் மூடினாங்க?

யாரும் விரட்டவில்லை. 1948ல் இஸ்ரேல் உருவானதும் பெரும்பாலான குடும்பங்கள் படிப்படியாகக் கிளம்பிவிட்டன. கூட்டுத் தொழுகைக்கு குறைந்தது 10 ஆண்கள் வேண்டும். அந்த 10 பேர் கிடைக்காத ஊரில் பூட்டுதான் மிச்சம்.

தோரா சுருள்களை வைக்கும் பழைய மரப் பேழையும் இப்போது ஜெருசலேமில், இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கு. பரவூரில் பார்ப்பது நகல். கும்பிட்டவர்கள் போன இடத்துக்கே பேழையும் போனதில் குறை சொல்ல முடியாதுதான். ஆனா, செல்ஃபி எடுக்கிறவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கணும்.

அருங்காட்சியகம் ஆகாத ஆலயத்தின் கதி? மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஆலயத்தின் உட்புற மரவேலைகள் ஜெருசலேம் போய்விட்டன. வெறும் கூடாக நின்ற கட்டடம் கிடங்கானது. 2019 மழையில் ஒரு பகுதி இடிந்தே விழுந்தது.

சேந்தமங்கலம் போனால் ஆலயத்துக்கு முன்னால் நிற்கும் கல்லைத் தவறவிடாதீங்க. 1269ல் இறந்த சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல் அது. இந்தியாவில் கிடைத்த எபிரேய எழுத்துகளில் மிகப் பழையவற்றில் ஒன்று.